கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? எதுவரைக்கும் வருது, முதலில் அதைச் சொல்லுங்க

சொந்தக்காரர்கள் நடுவில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஒரு பெயர் வாங்கிவிட்டால் போதும், அப்புறம் ஆயுசுக்கும் போன் வந்துகொண்டே இருக்கும். "ஆன் ஆகலை" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: எதுவரைக்கும் வருகிறது? ஃபேன் சுத்துகிறதா? திரையில் ஏதாவது எழுத்து வருகிறதா? விண்டோஸ் சின்னம் வருகிறதா, அதற்கு அப்புறம்தான் மக்கர் பண்ணுகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, செலவும் வேறு. ஆனால் நம் ஊரில் பல கடைகளில் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான், "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மட் அடிச்சிடலாம்." அடித்துக் கொடுப்பார்கள், அதுவும் ஓடும், ஆனால் உண்மையான கோளாறு உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

என் தங்கை நாகப்பட்டினத்தில் இருக்கிறாள். வீட்டிலிருந்தே பக்கத்துக் கடைக்காரர்கள் சிலருக்கு டேலியில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது அவள் வேலை. பழைய அசெம்பிள்டு மெஷின், எச்61 மதர்போர்டு, மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 8 ஜிபி டிடிஆர்3 ராம். நடுவில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி போட்டதில் மறுபடி இளமை வந்துவிட்டது. விண்டோஸ் 10. இந்த வேலைக்கு அது தாராளம்.

சில மாதமாக அதில் ஒரு தொந்தரவு. காலையில் ஆன் செய்தால் கடிகாரம் பின்னால் இருக்கும், சில நாள் தேதியே பழையதாக இருக்கும். ஜிஎஸ்டி தளம் திறக்காது, பேங்க் தளமும் திறக்காது, கடிகாரம் தப்பு என்று பிரவுசர் புலம்பும். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டரின் தேதி அந்த இரண்டுக்கும் நடுவில் இல்லையென்றால் பிரவுசர் உள்ளே விடாது. இவள் நெட் பிரச்சினை என்று கேபிள்காரரிடம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் தினமும் காலையில் தேதியைக் கையால் திருத்தி ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவும் இல்லை.

அப்புறம் மாதாந்திர பராமரிப்பு என்று ஒருநாள் முழுக்க கரண்ட் ஷட்டவுன். சாயங்காலம் கரண்ட் வந்து ஆன் செய்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: செட்டப்புக்குப் போக எஃப்1, இயல்பு அமைப்புகளை ஏற்றித் தொடர எஃப்2. இவள் எஃப்2 அழுத்தினாள், யாராக இருந்தாலும் அதைத்தான் அழுத்துவார்கள். விண்டோஸ் சின்னம் வந்தது, புள்ளிகள் கொஞ்சம் சுத்தின, அப்புறம் நீலத்திரை, அழுமூஞ்சி பொம்மை, கீழே "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்". தானாக ரீஸ்டார்ட் ஆனது, மறுபடி அதே. அடுத்து "ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்று ஒன்று வந்து, தன்னால் முடியவில்லை என்று கைவிரித்தது.

மாப்பிள்ளை வண்டியில் வைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் அடிக்கணும், டேட்டா எடுக்கணும்னா தனி சார்ஜ், எடுக்க முடியுமான்னு பார்த்துத்தான் சொல்ல முடியும். மாதம் 20ஆம் தேதிக்குள் 3பி என்ற ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும், தேதி நெருங்குகிறது. அங்கிருந்தே எனக்குப் போன்.

"அண்ணா, டேலி டேட்டா எல்லாம் போயிடும்ங்கறாங்க. என்ன பண்றது?"

"கடைசியா பேக்கப் எப்போ எடுத்தே?"

பதில் இல்லை. மெஷினை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். ராத்திரி வீடியோ காலில் உட்கார்ந்தோம்.

திரையில் எழுத்து வருகிறது, அப்படியென்றால் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி), ராம், பிராசஸர், போர்டு எல்லாம் அடிப்படையில் உயிரோடு இருக்கின்றன. விண்டோஸ் சின்னமும் வருகிறது, அப்படியென்றால் எஸ்எஸ்டியும் செத்துப்போகவில்லை, அதிலிருந்து எதையோ படித்துத்தான் அந்தச் சின்னத்தையே காட்டுகிறது. அதைத் தாண்டும்போதுதான் "பூட் ஆக வேண்டிய டிஸ்க்கை என்னால் தொட முடியவில்லை" என்கிறது. சின்னம் வரும்வரை டிஸ்க்கைப் படிப்பது பயாஸின் பொறுப்பு (போர்டிலேயே இருந்து, ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள் அது), அதற்கப்புறம் விண்டோஸ் தன் சொந்த டிரைவரை, அதாவது டிஸ்க்கோடு பேசத் தெரிந்த சின்ன மென்பொருளை வைத்துப் படிக்கும். கைமாறுகிற அந்த இடத்தில்தான் சிக்கல். டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே ஆன் செய்யச் சொல்லி பயாஸ் உள்ளே போனோம். தேதி 2012 ஜனவரி 1. டிஸ்க்கோடு எந்த முறையில் பேச வேண்டும் என்று சொல்லும் சாட்டா மோடு என்ற இடத்தில் "ஐடிஇ" என்ற பழைய முறை இருந்தது.

அவ்வளவுதான் கோளாறு. எஸ்எஸ்டி போட்டபோது அதை "ஏஎச்சிஐ" என்ற புதிய முறைக்கு மாற்றித்தான் விண்டோஸ் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் இயல்பாக வருவது ஐடிஇ. அமைப்புகள் அழிந்து எஃப்2 அழுத்தியதும் பழைய இயல்புக்கே திரும்பிவிட்டது. விண்டோஸ் 10 தனக்குத் தேவைப்படாத டிஸ்க் டிரைவர்களை பூட் நேரத்தில் ஏற்றாது, அதனால் ஐடிஇ என்றதும் அதற்குக் கண் தெரியவில்லை. ஏஎச்சிஐ என்று மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்தாள். சில நொடியில் டெஸ்க்டாப். டேலி திறந்தது, கணக்கு முழுக்க இருந்தது. "இதுக்குத்தான் ஃபார்மட்டா?" என்றாள். பேக்கப் எடுத்து முடிக்கிறவரை நான் போனை வைக்க விடவில்லை.

அமைப்புகள் ஏன் அழிந்தன? போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் மாதிரி வெள்ளியாக ஒரு வட்ட பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று மேலே பொறித்திருக்கும், 3 வோல்ட். கடிகாரத்தை ஓட்டுவதும் பயாஸ் அமைப்புகளைக் காப்பாற்றுவதும் அதுதான். ஆனால் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், எஸ்எம்பிஎஸ் ஒரு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருப்பதால் பேட்டரிக்கு வேலை கிடையாது. சுவிட்சை அணைத்தால்தான் பேட்டரி உழைக்க ஆரம்பிக்கும். அதனால்தான் செத்த பேட்டரியோடு வருஷக்கணக்காக ஓடும் மெஷின்கூட, நீண்ட பவர் கட் அன்றைக்கு மாட்டிக்கொள்கிறது. இடி மின்னலுக்குப் பயந்து ராத்திரி சுவிட்சை அணைக்கும் வீடுகளில் இது சீக்கிரம் தெரியவரும், தங்கை வீடு அந்த ரகம். முதலில் கடிகாரம் பின்தங்கும், பிறகுதான் அமைப்புகள் போகும். அடுத்த நாள் வாட்ச் கடையில் நாற்பது ரூபாய்க்கு பேட்டரி வாங்கி மாற்றினாள். ஓரத்தில் இருக்கும் சின்னக் கொக்கியைத் தள்ளினால் பழையது துள்ளி வெளியே வரும், புதியதை எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி அழுத்த வேண்டும். மாற்றிய பிறகு தேதியையும் சாட்டா மோடையும் இன்னொரு முறை சரிபார்க்கணும், கழற்றும்போது அமைப்புகள் மறுபடி அழிந்திருக்கும்.

இதற்குப் பிறகு நான் எல்லோருக்கும் சொல்வது, மெஷின் நன்றாக ஓடும் ஒரு நாளில் பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல, கோளாறு வந்த அன்றைக்கு திரையில் வரும் எழுத்தையும் படம் எடுங்கள். "ஏதோ இங்கிலீஷில் வந்துச்சு, அணைச்சிட்டேன்" என்றால் எதிர்முனையில் இருப்பவன் என்ன செய்வான்!

சரி, மற்ற இடங்களில் நின்றால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றுமே வரவில்லை, விளக்கில்லை, ஃபேன் இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது யுபிஎஸ். வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று இருக்கும், இரண்டு மூன்று வருஷத்தில் அது சோர்ந்துவிடும். சில யுபிஎஸ்கள் பேட்டரி செத்தால் கரண்ட் இருக்கும்போதே ஆன் ஆகாது, சிலது கரண்ட் கண் சிமிட்டினாலே சேர்ந்து விழுந்துவிடும். யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவரில் மாட்டிப் பாருங்கள். மாட்டினால் ஓடுகிறதென்றால் கம்ப்யூட்டரைத் திறக்கவே வேண்டாம். பின்னால் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் சின்ன சுவிட்ச் வீடு பெருக்கும்போது தட்டி அணைந்து கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, திரும்ப மாட்டினால் சில மெஷின்கள் எழுந்துகொள்ளும். உள்ளே தங்கியிருந்த மின்சாரம் வடிந்து போர்டு புதிதாக ஆரம்பிக்கிறது, மந்திரம் ஒன்றும் இல்லை.

காலையில் மட்டும் நாலைந்து தடவை அழுத்தினால்தான் ஆன் ஆகிறது, ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் நாள் முழுக்க ஒழுங்காக இருக்கிறது என்றால் எஸ்எம்பிஎஸ் வீக். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன உருளைகள்) காய்ந்துபோனால் குளிர்ந்த நிலையில் தடுமாறும், சூடேறினால் சரியாகும். அதை மாற்றுங்கள், ஆனால் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறந்து ஆராய்ச்சி செய்யாதீர்கள். 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக மாற்றும் இடத்தில் 325 வோல்ட் வரை இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கே தங்கும்.

ஃபேன் சுத்துகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. கடையில் இதற்கு "போர்டு போயிடுச்சு" என்பார்கள். நான் பார்த்தவரையில் பலமுறை ராம்தான். அதற்கும் முன்னால் மானிட்டரின் கேபிளைப் பாருங்கள், தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் மெஷினில் கேபிளை அந்தக் கார்டில் மாட்டாமல் போர்டின் ஓட்டையில் மாட்டியிருப்பார்கள். அது சரியாக இருந்தால் ராமுக்கு வாருங்கள். பிளக்கை முழுக்கப் பிடுங்கி, கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு, ராமின் இரண்டு பக்கக் கொக்கியையும் விலக்கினால் கையோடு வரும். கீழ்விளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்கும். நாகப்பட்டினம் மாதிரி கடல்காற்று அடிக்கிற ஊரில் அந்தப் பளபளப்பின் மேல் மங்கலாக ஒரு படலம் படியும், ஈரத்தோடு தூசியும் சேர்ந்துகொள்ளும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரை எடுத்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தால் ரப்பரில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். துகள்களைக் காய்ந்த பிரஷால் தட்டிவிட்டு, பற்களில் விரல் படாமல், நடுவில் இருக்கும் வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து அழுத்துங்கள். டக் என்ற சத்தத்தோடு கொக்கிகள் தானாக மூட வேண்டும். மூடவில்லையென்றால் சரியாக உட்காரவில்லை. இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு, இடத்தையும் மாற்றிப் பாருங்கள், எது கெட்டது என்று அதிலேயே தெரிந்துவிடும். போர்டில் சின்ன பீப் ஸ்பீக்கர் இருந்தால் பாதி வேலை மிச்சம். ராம் இல்லையென்றால் அது கத்தும். இப்போது வரும் கேபினட்களில் அதைப் போடாமலே விற்கிறார்கள், கடையில் கேட்டால் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

திறந்தது திறந்தோம், உள்ளே எட்டிப் பாருங்கள். தங்கை வீட்டு மெஷினில் எஸ்எம்பிஎஸ்ஸின் சந்துக்குள் காய்ந்த பல்லி முட்டைகள் ஒட்டியிருந்தன. கதகதப்பான இடம், அதற்குப் பிடித்துவிடும் போல. எறும்பும் அப்படித்தான். பின்பக்கம் கார்டு போடும் ஓட்டைகளின் தகடு காணாமல் போயிருந்தால் செல்லோடேப்பாவது ஒட்டி மூடுங்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது என்று சிலர் சொல்வார்கள், அது கம்ப்யூட்டரின் கோளாறு இல்லை, வீட்டு எர்த்தின் கோளாறு. எஸ்எம்பிஎஸ் நுழைவாயிலில் கேபினட்டோடு இணைந்த சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றில் கசிவது எர்த் வழியாகப் போக வேண்டியது. எர்த் இல்லாவிட்டால் கேபினட் ஏறத்தாழ பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்றாவது பின்னைச் சரிசெய்துவிட்டு அப்புறம் உள்ளே கையை வையுங்கள்.

எழுத்து வருகிறது, ஆனால் சரியான பூட் டிவைஸைப் போடு என்று கேட்டு நிற்கிறது என்றால் முதலில் பென்டிரைவ் ஏதாவது சொருகியிருக்கிறதா என்று பாருங்கள், சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடக்கும். அடுத்து பயாஸில் உங்கள் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பூட் வரிசைதான் மாறியிருக்கும். தெரியவில்லையென்றால் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், வேறு கேபிள், வேறு ஓட்டை. பழைய ஹார்டு டிஸ்க் டக் டக் என்று சீராக அடித்துக்கொண்டால் மட்டும் விளையாடாதீர்கள், அணைத்து வையுங்கள். ஒவ்வொரு தடவை ஆன் செய்வதும் மீட்க வாய்ப்பிருந்த பைல்களைக் குறைக்கும்.

விண்டோஸ் சின்னம் வந்தபின் நின்றால் நிஜமாகவே விண்டோஸ் பக்கம் பார்க்கலாம். இரண்டு மூன்று தடவை தொடக்கத்திலேயே தடைபட்டால் அது தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் சமீபத்திய அப்டேட்டை நீக்கலாம், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வழியாக, அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றும் சேஃப் மோடுக்குப் போகலாம். சேஃப் மோடில் ஒழுங்காகத் திறந்தால் பெரும்பாலும் ஏதோ டிரைவரோ புதிதாகப் போட்ட மென்பொருளோதான் குற்றவாளி. 2024 ஜூலை 19 அன்று உலகமெங்கும் விமான நிலையங்கள் ஸ்தம்பித்தது நினைவிருக்கலாம், இங்கே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு அப்டேட் பைல்தான் காரணம், 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது. நீலத்திரையிலேயே சிக்கிக்கொண்ட மெஷின்களுக்குச் சொல்லப்பட்ட வழி, சேஃப் மோடில் போய் அந்த ஒரு பைலை அழிப்பது. ஃபார்மட் இல்லை.

அப்படியும் விண்டோஸ் மறுபடி போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வரலாம். அதற்கு முன்னால் வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட், உபுண்டு மாதிரி விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளம் ஒன்றை இறக்கி 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதிலிருந்து பூட் செய்தால் எதையும் இன்ஸ்டால் செய்யாமலே டெஸ்க்டாப் வரும், உங்கள் பைல்கள் அப்படியே தெரியும், வெளி டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். கடைக்காரர் தனி சார்ஜ் கேட்ட வேலை பெரும்பாலும் இதுதான். லேப்டாப்பில், அதுவும் விண்டோஸ் 11 என்றால், டிஸ்க் பூட்டியிருக்கக்கூடும்; பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டு 48 இலக்க எண் கேட்கும், பயாஸில் ஏதாவது மாறினாலும் கேட்கும். மைக்ரோசாப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், மாட்டிக்கொண்ட பிறகு தேடுவது கொடுமை.

கடைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போர்டில் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தாலோ, நல்ல ராம் போட்டும் டிஸ்ப்ளே வரவில்லை என்றாலோ போய்த்தான் ஆகணும். ஆனால் ஆன் ஆகாத, டிஸ்ப்ளே வராத மெஷினைச் சோதிக்க உங்கள் டிஸ்க் அவர்களுக்குத் தேவையில்லை. எஸ்எஸ்டியை இரண்டு கேபிளும் எடுத்துக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மீதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள், பயாஸ் திரை வந்தால் போதும் என்று சொல்லுங்கள். டிஸ்க் எங்கே என்று கேட்டால் வீட்டில் இருக்கிறது என்று சொல்லுங்கள், தங்கை இப்போது அப்படித்தான் சொல்கிறாள்.